மாவரைக்கத் தெரிந்தவருக்கு பீர் புரியும்

எப்படி இயங்குகிறது?

பெங்களூருவுக்கும் பீருக்கும் உறவு பழையது. 1915-இல் தாமஸ் லீஷ்மன் உருவாக்கிய யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தின் தலைமையகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. 2010-ஐ ஒட்டி, பீரைத் தங்கள் இடத்திலேயே செய்து பரிமாறும் மைக்ரோபுரூவரிகள் வரத் தொடங்கின. இந்திராநகரில் டாய்ட், விட்டல் மல்லையா சாலையில் தி பியர் கிளப், மெக்ராத் சாலையில் ஆர்பர் என்று ஆரம்பித்த வரிசை இன்று நகரத்தின் எல்லாத் திசைகளுக்கும் நீண்டுவிட்டது. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பளபளக்கும் பெரிய தொட்டிகளைப் பார்த்துவிட்டு, “அதுக்குள்ள என்னதான் நடக்குது?” என்று யாராவது கேட்டுவிட்டால் எனக்கு அன்றைய மாலை நிறைந்துவிடும். வீட்டு பீர் என்ற பொழுதுபோக்கின் பெரிய இன்பமே அதை இன்னொருவருக்குப் புரியவைப்பதுதான்.

ஸ்டார்ச், என்சைம், நொதித்தல் என்று பாடம் தொடங்கினால் கேட்டவர் கவனம் கலைந்துவிடும். “ராத்திரி கரைச்சு வச்ச மாவு காலையில ஏன் பொங்குது?” என்று தொடங்கினால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கையால்தான் கரைக்க வேண்டும் என்பார் ஒருவர். சென்னையில் ஆறு மணி நேரத்தில் பொங்கிய மாவு பெங்களூரு டிசம்பரில் மறுநாள் மத்தியானம்வரை அசையாது என்பார் இன்னொருவர். மூன்றாமவர் ஓவனுக்குள் விளக்கைப் போட்டு மாவை வைக்கும் தந்திரம் சொல்வார். இவர்கள் எல்லோருக்கும் பீர் செய்முறையில் பாதி ஏற்கெனவே கைவந்தது. மாவும் பீரும் பிரியும் இடங்களைக் காட்டிவிட்டால் மீதிப் பாதியும் வந்துவிடும்.

ஊறலும் முளையும்

மாவைப் போலவே பீரும் ஊறலில் தொடங்குகிறது. ஊறுவது பார்லி; நம் நாட்டில் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அதிகம் விளைவது. அரிசியும் உளுந்தும் ஊறியதும் கிரைண்டருக்குப் போகும். பார்லியை அப்படி அரைப்பதில்லை, முளைவிடும்வரை காத்திருக்கிறார்கள்.

காரணம் விதைக்குள் இருக்கிறது. வளரப்போகும் செடிக்கான சாப்பாட்டை விதை ஸ்டார்ச்சாகப் பூட்டி வைத்திருக்கிறது. முளைக்கு அது சர்க்கரையாகக் கிடைத்தால்தான் பயன். அதனால் ஈரம் பட்டு விழித்த விதை, அமிலேஸ் என்ற என்சைம்களைச் சுரக்கத் தொடங்குகிறது. அவை ஸ்டார்ச்சின் நீண்ட சங்கிலியைச் சிறு சர்க்கரைத் துண்டுகளாக வெட்டும் வல்லமை கொண்டவை. அந்த வல்லமை வந்துவிட்ட பிறகு, முளை சாப்பாட்டைத் தீர்ப்பதற்கு முன், சூடான காற்றில் தானியத்தை உலர்த்தி வளர்ச்சியை நிறுத்திவிடுகிறார்கள். இதுதான் மால்ட். மெல்லிய சூட்டில் உலர்ந்தால் வெளிர் மஞ்சள் நிறமும் பிஸ்கட் வாசமும் வரும். நன்றாக வறுபட்டால் காபிக்கொட்டை போல் கறுக்கும். பொன்னிற பீருக்கும் கரிய ஸ்டவுட்டுக்கும் உள்ள நிற வேறுபாடு பெரும்பாலும் இந்தச் சூட்டில் பிறப்பதே.

கர்நாடகத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ராகியை ஊறவைத்து, ஈரத் துணியில் கட்டி, முளைத்ததும் உலர்த்தி, வறுத்து அரைத்து, ராகி மால்ட் என்று பாலில் கலந்து குடிப்பது இங்கே அன்றாடப் பழக்கம். மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் ராகியை மால்ட் ஆக்குவது பற்றி விரிவாக ஆராய்ந்திருக்கிறது. புதியவர் ஒருவர் வீட்டுக்கு வந்தால், பார்லி மால்ட்டையும் முளைகட்டி உலர்த்திய ராகியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்சம் மென்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் நாக்கில் மெல்லிய இனிப்பு தட்டும்.

கூழ் இளகும் நேரம்

அடுத்த படிதான் இந்தக் கலையின் இதயம். அதைக் கண்ணால் காட்டிவிடலாம்.

அரிசி மாவில் கெட்டியான கூழ் காய்ச்சுங்கள். கரண்டி நிற்க வேண்டும். சமையல் வெப்பமானியில் 65 டிகிரி செல்சியஸ் வரும்வரை ஆறவிடுங்கள். முளைகட்டி உலர்த்திய, ஆனால் வறுக்காத ராகி மாவு ஒரு கரண்டி எடுத்துக் கலக்கி, சூடு குறையாமல் மூடி வையுங்கள். கால் மணி நேரத்துக்குள் கெட்டிக் கூழ் இளகிக் கஞ்சியாக ஓடத் தொடங்கும். தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்கவில்லை; அமிலேஸ் சங்கிலிகளை அறுத்துவிட்டது. ருசி பார்த்தால் முன்பில்லாத இனிப்பு இருக்கும். கைக்குழந்தைக்கு முளைகட்டிய தானியக் கூழ் கொடுத்த தாய்மார்களுக்கு இந்த இளக்கம் பழக்கமானதுதான்.

வேதியியல் பிடித்தவர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. முளைமாவு சேர்ப்பதற்கு முன் ஒரு துளிக் கூழைத் தனித் தட்டில் எடுத்து டிஞ்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டால் கருநீலமாகும். அது ஸ்டார்ச்சின் அடையாளம். ஒரு மணி நேரம் கழித்து அதே சோதனையைச் செய்தால் நீலம் மங்கியிருக்கும். அந்தத் தட்டைக் கழுவிவிட வேண்டும், அதிலிருந்து ருசி பார்க்கக் கூடாது.

பீர் செய்பவர்கள் இதை மாஷ் என்பார்கள். 20 லிட்டர் பீருக்கு ஏறக்குறைய 5 கிலோ மால்ட்டை ரவைபோல் உடைத்து, வெந்நீரில் கலந்து, 62 முதல் 70 டிகிரிக்குள் ஒரு மணி நேரம் வைப்பார்கள். இரண்டு வகை அமிலேஸ்களில் ஒன்றுக்கு 60-லிருந்து 65 டிகிரி பிடிக்கும். அது ஈஸ்ட் எளிதில் தின்னும் சர்க்கரையை நிறையத் தரும். மற்றது 70 டிகிரியை ஒட்டிச் சுறுசுறுப்பாக இருக்கும்; அது ஈஸ்ட்டால் தின்ன முடியாத பெரிய துண்டுகளையும் விட்டுவைக்கும். ஆகவே 63-இல் வைத்த மாஷ் இலகுவான, வறண்ட பீராகும். 69-இல் வைத்தது வாயில் கனமாக நிற்கும். ஆறேழு டிகிரியில் பீரின் குணமே மாறிவிடுகிறது. 80-ஐத் தாண்டவிட்டால் என்சைம்கள் செத்துவிடும், கூழ் கூழாகவே கிடக்கும். ராகியை வறுக்க வேண்டாம் என்றதும் இதனால்தான்.

பிறகு வடிகட்டல். பார்லியின் உமி அடியில் படுக்கையாகப் படிந்து தானே வடிகட்டியாகிவிடும். ஓடிவரும் தேன்நிறச் சாற்றுக்கு வொர்ட் என்று பெயர். மிஞ்சும் சக்கை மாட்டுக்கு நல்ல தீவனம்.

தமிழருக்கு இந்த அறிவு புதிதல்ல. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, வீட்டில் மது வடிக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறது. அரிசிக் கூழை வாயகன்ற பாத்திரத்தில் ஆற்றுகிறார்கள். இடித்த முளையைக் கலக்கிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, சாடியில் முதிரவைத்து, விரலால் அலைத்து வடிக்கிறார்கள். சமையலறையில் நாம் செய்த கூழ்ச் சோதனையின் முதல் பாதி அப்படியே அதில் இருக்கிறது. புதியவர்களிடம் இதைச் சொல்லும்போது, வேற்று நாட்டு வித்தை என்று தள்ளிநின்றவர்கள் ஓர் அடி நெருங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

கொதியும் கசப்பும்

வொர்ட்டை ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அந்த மூன்று டிகிரி குறைவால் வேலை கெடாது.

இந்தக் கொதியில் சேர்வது ஹாப்ஸ், ஒரு கொடியின் பூ. இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் இது பயிரிடப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் ஜெர்மனி, செக், அமெரிக்க ஹாப்ஸ்தான் நமக்குக் கிடைக்கிறது. கொதியின் தொடக்கத்தில் போட்டால் அதன் பிசின் அமிலங்கள் வடிவம் மாறிக் கசப்பைத் தரும். கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டால் கசப்பு குறைவு, வாசம் அதிகம்: எலுமிச்சைத் தோல், பைன் மரம், மாம்பழம் என்று இரகத்துக்கு ஒன்று.

மாவிலும் நாம் ஒரு கசப்பைச் சேர்க்கிறோம், வெந்தயம். இரண்டும் கசப்பவை, ஆனால் செய்யும் வேலை நேர் எதிர். வெந்தயம் மாவு பொங்கத் துணை நிற்கிறது. ஹாப்ஸின் கசப்போ, மாவைப் பொங்கவைக்கும் பாக்டீரியாக் குடும்பத்தைத்தான் தடுக்கிறது. இட்லி மாவில் காற்றை நிரப்புவதில் முதன்மையானது லூகோனோஸ்டாக் மெசன்டராய்டிஸ் என்ற லாக்டிக் பாக்டீரியா. பீருக்குள் அது புகுந்தால் புளித்துவிடும். மாவுக்கு உயிரானது பீருக்குக் கேடு. இங்கிருந்து இரண்டும் வெவ்வேறு வழியில் போகின்றன.

மாவு வேறு, பீர் வேறு

இட்லி மாவுக்கு யாரும் ஈஸ்ட் வாங்குவதில்லை. உளுந்திலும் அரிசியிலும் கையிலும் காற்றிலும் இருக்கும் நுண்ணுயிர்கள் வந்து குடியேறுகின்றன. எவை வந்தாலும் லாக்டிக் பாக்டீரியா முந்திக்கொண்டு புளிப்பை ஏற்றுகிறது. அந்தப் புளிப்பு மற்ற கிருமிகளை அடக்குகிறது. அதற்குப் பிறகு மாவை ஆவியில் வேகவைத்துவிடுகிறோம். அதனால் மாவு பல தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும்.

பீருக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆறிய வொர்ட் இனிப்பும் சத்தும் நிறைந்தது, எந்தக் கிருமிக்கும் விருந்து. பின்னால் வேகவைப்பதும் இல்லை. ஆகவே கொதி அடங்கியதும் பனிக்கட்டித் தொட்டியில் வைத்தோ செம்புச் சுருளில் குளிர்நீர் ஓட்டியோ சீக்கிரம் 20 டிகிரிக்கு இறக்க வேண்டும். கொதிக்குப் பின் அதைத் தொடும் கரண்டி, குழாய், பாத்திரம் எல்லாவற்றையும் முதலில் சோப்பால் கழுவி, பிறகு கிருமிநாசினியில் நனைக்க வேண்டும். கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. அழுக்கு ஒட்டிய இடத்தில் கிருமிநாசினி வேலை செய்யாது. புதியவர் ஒருவர் முதலில் கற்க வேண்டிய பழக்கம் இது. கையால் கரைத்தால்தான் மாவு பொங்கும் என்ற நம் நெடுநாள் நம்பிக்கையை இங்கே ஒதுக்கி வைக்க வேண்டும்.

தண்ணீரும் கவனிக்க வேண்டியது. பெங்களூருவில் ஒரே தெருவில் ஒரு வீட்டுக்குக் காவிரி நீரும் அடுத்த வீட்டுக்கு ஆழ்குழாய் நீரும் வரும். ஆழ்குழாய் நீர் பல இடங்களில் கடினமானது, வெளிர் பீரின் கசப்பை முரடாக்கும். குழாய் நீரில் உள்ள குளோரின் மால்ட்டின் பொருள்களோடு சேர்ந்தால் மருந்து வாடை வரும். கொதிக்கவைத்து ஆற்றிய நீரைப் பயன்படுத்தினால் குளோரின் போய்விடும்.

ஈஸ்ட் செய்யும் வேலை

மாஷில் கிடைத்த சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்ஸைடும் தருவது ஈஸ்ட் என்ற ஒற்றைச் செல் உயிர். ஏல் வகை பீருக்குச் சாக்கரோமைசிஸ் செரவிசியே, லாகர் வகைக்குச் சாக்கரோமைசிஸ் பாஸ்டோரியானஸ். ஏல் ஈஸ்ட்டுக்கு 18-லிருந்து 22 டிகிரி உகந்தது. மாவைத் தூங்கவைக்கும் பெங்களூருவின் இதமான குளிர் இதற்குப் பொருத்தம். லாகர் ஈஸ்ட்டுக்கு 10 டிகிரியை ஒட்டிய குளிர் வேண்டும், அதற்குக் குளிர்பெட்டி இல்லாமல் முடியாது. ஈஸ்ட் வேலை செய்யும்போது தானும் சூடு கிளப்பும். அறை 22 டிகிரி என்றால் தொட்டிக்குள் அதைவிட இரண்டு மூன்று டிகிரி கூடியிருக்கும்.

பாத்திரத்தில் பாதி அளவுக்கே மாவை ஊற்றி வைப்பது போலத் தொட்டியிலும் மேலே இடம் விட வேண்டும், நுரை எழும்பும். வாயு வெளியேறவும் வெளிக்காற்று உள்ளே வராமலும் நீர் நிரப்பிய சிறு அடைப்பு ஒன்று பொருத்துவார்கள். மாவு பொங்கியதைக் கண்ணால் பார்த்துச் சொல்கிறோம். பீரில் ஹைட்ரோமீட்டர் சொல்லும். தொடக்கத்தில் அடர்த்தி 1.050, முடிவில் 1.010 என்றால், சர்க்கரை குறைந்த அளவிலிருந்து ஆல்கஹால் 5 சதவீதத்துக்குச் சற்று மேல் என்று கணக்கிடலாம். இரண்டு மூன்று நாள் எண் மாறாமல் நின்றால் வேலை முடிந்தது. முடியுமுன் புட்டியில் அடைத்தால் மிச்சச் சர்க்கரை வாயுவாகிப் புட்டி வெடிக்கும், கண்ணாடிச் சில்லு கண்ணைப் பதம் பார்த்துவிடும். முடிந்த பிறகு லிட்டருக்கு 6 கிராம் அளவில் சர்க்கரை சேர்த்து அடைத்து இரண்டு வாரம் வைத்தால் பாங்கான நுரை பிடிக்கும்.

இந்தப் படியில் சட்டம் நிற்கிறது. கர்நாடக கலால் சட்டம், 1965, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதைத் தடை செய்கிறது. சொந்தக் குடிப்புக்கென்று நகரத்து வீடுகளுக்கு அதில் விலக்கு இல்லை. ஈஸ்ட் சேராதவரை வொர்ட்டில் ஆல்கஹால் துளியும் இல்லை. எங்கள் வீட்டுக் கூடுகைகள் அந்த எல்லையில் நின்றுவிடும். குளிர்ந்த வொர்ட்டில் சோடா கலந்து எலுமிச்சை பிழிந்து பரிமாறுகிறோம். கரீபியன் நாடுகளில் மால்டா என்ற பெயரில் நொதிக்காத மால்ட் பானம் பெரிதும் விரும்பப்படுகிறது. இதுவும் அந்தக் குடும்பம்தான். ஈஸ்ட்டின் வேலையைப் பார்க்க மைக்ரோபுரூவரிக்குப் போகிறோம். கூட்டம் இல்லாத வேளையில் கேட்டால், தொட்டியருகே அழைத்துப் போய் விளக்கும் புரூவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

பகிரும் முறை

இந்த எல்லையால் ஒரு நன்மையும் விளைகிறது. குடிக்காத அத்தையும் பாட்டியும்கூடக் கூடுகைக்கு வந்து அமர முடிகிறது. கூழ் இளகும் பக்குவத்தை முதலில் கண்டுசொல்வது பெரும்பாலும் அவர்கள்தான்.

புதியவர்களை அழைக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் மெல்லுதல்: வெளிர் மால்ட், கேரமல் மால்ட், கறுத்த மால்ட் மூன்றும் ஒவ்வொரு சிட்டிகை. அடுத்து முகர்தல்: ஹாப்ஸை உள்ளங்கையில் கசக்கினால் வாசம் எழும்பும். மூன்றாவது கூழ்ச் சோதனை. நான்காவது, வந்தவர் கையில் வேலை கொடுத்தல்: ஒருவர் வெப்பமானி பார்க்கட்டும், ஒருவர் நேரம் குறிக்கட்டும், ஒருவர் வடிகட்டட்டும். பார்த்துக்கொண்டு மட்டும் நின்றவர் மறுமுறை வருவது அரிது. வடிகட்டியவர் அடுத்த தேதி கேட்பார்.

மைக்ரோபுரூவரியில் ருசி பார்க்கும்போது வெளிரியதிலிருந்து கறுத்ததற்குப் போக வேண்டும், சிறு குவளைகளில். அளவாக. 21 வயது நிரம்பாதவருக்கும் வண்டி ஓட்டிப் போகிறவருக்கும் அந்தக் குவளை கிடையாது. “நல்லா இருக்கு, நல்லா இல்ல” என்பதோடு நிறுத்தாமல் வாசத்துக்குப் பெயர் சொல்லப் பழக்குங்கள். வெண்ணெய் வாடை வந்தால் ஈஸ்ட் தன் வேலையை முழுதாக முடிக்கவில்லை. வெந்த சோளத்தின் வாடை வந்தால் கொதி போதவில்லை. பச்சை ஆப்பிள் வாடை என்றால் பீர் இன்னும் இளசு. 1985-இல் அமெரிக்காவில் தொடங்கிய பீர் நடுவர் சான்றிதழ் அமைப்பின் மதிப்பெண் தாளில் மொத்தம் 50. ருசிக்கு 20, வாசத்துக்கு 12, தோற்றத்துக்கு வெறும் 3. மூக்கையும் நாக்கையும் எவ்வளவு நம்பலாம் என்று புதியவருக்கு அந்தத் தாள் சொல்லிக்கொடுக்கிறது.

எல்லாப் புதியவர்களும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இது விஷச் சாராயம் மாதிரி ஆகிடாதா?” 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்த நாட்டில் இந்தப் பயம் நியாயமானது, பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். அங்கே உயிரைப் பறித்தது சாராயத்தில் கலந்த மெத்தனால். தானியத்தை ஈஸ்ட்டால் நொதிக்கவைக்கும்போது உண்டாகும் மெத்தனால் மிகச் சொற்பம். காய்ச்சி வடித்தல் முற்றிலும் வேறு வேலை. அதை வீட்டில் யாரும் எண்ணிப்பார்க்கவே கூடாது.

வாசல் திறக்கட்டும்

பிரிட்டனில் வீட்டில் பீர் செய்ய உரிமம் தேவை என்ற விதி 1963-இல் நீங்கியது. அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வீட்டு பீருக்கு மத்திய வரிவிலக்கு அளித்தது. வயதுவந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கேலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் என்று வரம்பும் வைத்தது. விற்கக் கூடாது. வீட்டில் செய்து பழகிய கென் கிராஸ்மன் 1980-இல் கலிபோர்னியாவில் சியரா நெவாடா புரூவரியைத் தொடங்கினார். அந்த நாட்டின் கிராஃப்ட் பீர் அலைக்கு வீட்டு அடுப்பில் பழகியவர்களே அடித்தளம் போட்டார்கள்.

பெங்களூருவில் ஆர்வம் இருக்கிறது, ராகி இருக்கிறது, இதமான வானிலை இருக்கிறது, வெளிநாட்டில் முறையாகக் கற்றுத் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். அளவு வரம்பு, விற்பனைத் தடை, பெயர்ப் பதிவு என்ற மூன்று நிபந்தனைகளோடு கர்நாடக அரசு வீட்டு பீருக்கு அனுமதி தரலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பதிவு செய்தவருக்குச் சுகாதாரப் பயிற்சியும் கட்டாயமாக்கலாம். மறைவில் கற்பவன் தவறைத் தவறு என்று சொல்ல ஆளில்லாமல் கற்கிறான். வெளிச்சத்தில் கற்பவனுக்கு நாலு பேர் திருத்தம் சொல்வார்கள்.

அந்த அனுமதி வரும்வரை செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. முளைகட்ட, மாஷ் வைக்க, ஹாப்ஸ் அறிய, சுத்தம் பழக, ருசிக்குப் பெயர் வைக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். இந்த வாரமே ஒரு கைப்பிடி ராகியை ஊறவையுங்கள். அது முளைவிட்டு உலர்வதற்குள், பீர் பற்றி எதுவும் தெரியாத ஒருவரைக் கூழ் காய்ச்ச அழைத்துவிடுங்கள்.